பன்றியும் பதிவும்

மின்னஞ்சலிலும் முகநூலிலும் கடைவிரிக்கக் கற்றுத்தருகிறவர்கள் அதை நேற்று முளைத்த வித்தைபோலச் சொல்கிறார்கள். வித்தை பழையதுதான். கிளாஸ்கோ வீதிகளில் கொழுத்த பன்றிகளை ஊர்வலம் விட்டுத் தன் பலசரக்குக் கடைக்கு ஆள் சேர்த்த தோமஸ் லிப்டன், 1890இல் இலங்கையின் ஊவாவுக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பானைக்கு என்று சொல்லியே தேயிலையை விற்றார். இன்றைய முகநூல் பதிவுகளிலும் அதே தோட்டம்தான்: கூடை, கொழுந்து, சிரிக்கும் பெண். அந்தப் பெண்ணின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று நிர்ணயமாக 2021 வரை ஆனது. சிரிப்புக்குத் தனிக் கொடுப்பனவு கிடையாது.

லிப்டனிடம் காசு இருந்தது, மொனராகலையில் கித்துல் பாணி விற்பவருக்குக் கைபேசிதானே துணை என்று கேட்கலாம். நியாயம்தான். எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்துக்குக் கூட்டம் சேர்த்ததில் கைபேசிப் படங்களுக்கும் பங்குண்டு. ஆனால் பாணிப் போத்தலை யார் கண்ணில் காட்டுவது என்று தீர்மானிப்பது முகநூல். இன்னும் நாலு பேருக்குக் காட்டக் காசு கட்ட வேண்டும். மின்னஞ்சலோ, பாணி வாங்குகிறவர் திறந்தே பார்க்காத பெட்டி. லிப்டனுக்கு இந்தத் தொல்லை இல்லை: பன்றிகள் அவருடையவை, வீதியில் போகிறவர் ஒதுங்கி வழிவிட்டாவது பார்த்தே ஆக வேண்டும்.