காதிகோட்டுக்குப் போற மருமகனுக்கு

வாங்க மருமகன், இரிங்க. தலாக்குக் கடிதத்தோட காதியார்ட்டப் போகமுதல் இந்த மாமாட புத்தியயும் கேப்பமெண்டு வந்திரிக்கீங்க. நல்லம். ஒங்கட ஈபிஎஃப் எண்டுற சேமலாப நிதிக் காசில ஒங்கட பொண்டாட்டி கை வைக்க ஏலுமா எண்டுதானே கேள்வி?

ஏலா. நிம்மதியா இரிங்க.

சம்பளத்துல நூத்துக்கு 8 ஒங்கட பங்கு, 12 கம்பனிக்காரன்ட பங்கு, ஈடிஎஃப் எண்டுற நம்பிக்கை நிதிக்கு அவன் போடுற 3 வேற. அம்பதாயிரம் சம்பளமெண்டா மாசம் 11,500 ரூவா ஒங்கட பேர்ல சேருது. அதுல ஈபிஎஃப்புக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட பூட்டு இரிக்கி. ஆம்புளைக்குப் பொதுவா 55 வயசுலதான் தொறக்கும். காதியார் கையில இரிக்கிற 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்துல மஹர் இரிக்கி, கைக்கூலி இரிக்கி, இத்தாச் செலவு இரிக்கி, தாபரிப்பு இரிக்கி. ஈபிஎஃப்ப ரெண்டாப் பிரிச்சிக் குடு எண்டு ஒரு வரி இல்ல.

சிரிக்கீங்க. சிரிங்க, சிரிங்க.

மாமனார் கலியாணத்துல ஒங்கட கையில கட்டுக்கட்டா வச்சாரே, அது ஞாவகம் இரிக்கா? ஒங்கட அழகுக்குத் தந்ததெண்டு நினைச்சிருப்பீங்க. சட்டம் அப்படிச் சொல்லல்ல. அது புள்ளைக்காக ஒங்கட கையில தந்த காசு, கைக்கூலி. கேட்டு வழக்கு வச்சா எண்ணித் திருப்பி வைக்கணும். மஹரும் இன்னும் கடன்லதானே கெடக்கு?

அது கெடக்கட்டும். தலாக்குக்கு அறிவித்தல் குடுத்த கையோட பிரிச்சி விட மாட்டாங்க. சமாதானம் பேசிப் பாக்க காதியாருக்கு 30 நாள் இரிக்கி. அந்த 30 நாளும் எங்க படுப்பீங்க? நம்மட ஊர்ல மாப்பிள்ளதானே பொண்டாட்டி வீட்டுக்குப் போறது. வீட்டுறுதி அவட பேர்ல. நீங்க பதிச்ச டைல்ஸக் கழட்டிக் கொண்டுவர ஏலாது. ஒங்கட உம்மாட வீடு தங்கச்சிக்குச் சீதனமாப் போயிட்டு, அங்க இப்ப மச்சான் கால நீட்டிப் படுத்திரிக்கார். நம்மட வீட்டு விறாந்தையிலயும் எடமில்ல, மாமி நெல்லு மூட்ட அடுக்கி வச்சிரிக்கா.

மறுகா ஒண்டு. அவவும் ஒரு காலத்துல காமன்ட்ல உழைச்சவ. அவட பேர்லயும் ஈபிஎஃப் இரிந்திச்சி. பொம்புளைக்கு 50 வயசு, ஆனா கலியாணத்துக்காக வேலைய விட்டா முன்னுக்கே எடுக்கலாமெண்டு சட்டம் கதவத் தொறந்து வச்சிரிக்கி. எடுத்தா. அந்தக் காசிலதானே ஒங்களுக்கு மோட்டச்சைக்கிள் வந்தது? அதுக்குப் பொறகு ஒங்களுக்குச் சோறாக்கி, புள்ளையப் பெத்து வளர்த்து, மிச்ச நேரத்துல மருதமுனைக்காரிட மகள் எண்டதுக்குத் தறியிலயும் இரிந்தா. அதுக்கெல்லாம் நூத்துக்கு 12 போட எந்த முதலாளி வந்தான்? நீங்க போட்டீங்களா?

சிங்கப்பூர்லயும் நம்மட ஆக்கள்தான், அங்கயும் சரீஆ கோடுதான். அங்க புருசன் பொண்டாட்டிட சொத்தப் பிரிக்கக்குள்ள சீபிஎஃப் எண்டுற இதே மாதிரிக் காசையும் கணக்குல எடுக்காங்க. அங்க ஒருத்தரும் மார்க்கம் கெட்டுப் போயிட்டெண்டு கத்தினதா நான் கேள்விப்படல்ல. நீங்க கல்முனைல பொறந்தீங்க, தப்பிட்டீங்க.

ஆனா பாருங்க, விட்ட பொம்புளைக்கு மத்தாஉ எண்டு ஒரு ஆதரவு குடுக்கச் சொல்லி குர்ஆன்ல இரிக்கி. ஜும்ஆவுக்கு முதல் ஸஃப்புல நிக்கிற ஆளு நீங்க, ஒங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? பூட்டு 55லதான் தொறக்குமெண்டா, தொறக்கிற அண்டைக்கு இவ்வளவு எண்டு இப்பவே எழுதிக் கையொப்பம் வைங்க. சட்டம் கேக்காத காசக் குடுத்தா ஊரு ஒங்களப் பைத்தியமெண்டுதான் சொல்லும். ஒங்கட மகள் அப்படிச் சொல்ல மாட்டா.

என்ன, எழும்பிட்டீங்க? ஈபிஎஃப் பத்திரத்துல பின்னுரித்தாளி எண்டு ஆர்ர பேரப் போட்டீங்க எண்டும் ஒருக்காப் பாத்துக்கங்க. செரி, போயிட்டு வாங்க. மோட்டச்சைக்கிள் திறப்ப மட்டும் இங்க வச்சிட்டு நடந்து போங்க மருமகன், அது அவட ஈபிஎஃப்.