சிம் ஏன் இளைத்தது?

கேள்வி: கைப்பேசி வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போகிறது. சிம் கார்டு மட்டும் ஏன் இளைத்துக்கொண்டே வருகிறது?

பதில்: பிறக்கும்போது சிம்மும் கொழுகொழு குழந்தைதான். 1991இல் மியூனிக் நகரத்து கீசெக்கே அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் பின்லாந்தின் கைப்பேசிச் சேவை நிறுவனமான ரேடியோலின்யாவுக்குச் செய்துகொடுத்த முதல் சிம், ஏடிஎம் கார்டு அளவு: 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ. அகலம். பிறகு 25க்கு 15, 15க்கு 12 என்று மெலிந்து, 2012இல் நானோ சிம் 12.3க்கு 8.8இல் வந்து நின்றது.

கரைந்ததெல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக். வேலை பார்ப்பது பொன்னிறத் தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சில்லு. சுற்றி இருந்தது வெறும் சட்டம். அதனால்தான் செல்போன் கடைக்காரர் ஸ்டேப்ளர் மாதிரியான கட்டரில் வைத்து ‘டக்’கென்று நறுக்கியபோதும் நம்பர் சாகவில்லை. (ஒரு மூலை வெட்டுப்பட்டிருப்பது அழகுக்கல்ல, மாற்றிச் செருகாமலிருக்க.)

மிச்சமான இடத்தை பேட்டரியும் மற்ற உறுப்புகளும் பங்கு போட்டுக்கொண்டன. போன் பெருத்ததற்குத் திரைதான் காரணம்: 2007இல் முதல் ஐபோனுக்கு 3.5 அங்குலம், 2024இல் 16 புரோ மேக்ஸுக்கு 6.9.

இப்போது இ-சிம், போர்டிலேயே பற்றவைத்த சில்லு. இனி சிம்மைத் தொலைத்துவிட்டுப் பாய்க்கடியில் தேட வேண்டியதில்லை. தொலைந்தால் போனோடுதான் தொலையும்.