காலுக்குத் தளைநார், மற்றதுக்குக் கர்த்தர்

மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. சுற்றுவட்டாரத்தில் அதற்கடுத்து வானத்துக்குப் பக்கத்தில் போய்வந்தவர்கள் பனையேறிகள்தான். என் தாத்தா அவர்களில் ஒருவர். விடியுமுன் மரத்தடியில் நின்று கண்ணை மூடுவார். ஜெபம் ஒரு நிமிஷத்தைத் தாண்டாது. அதைவிட அதிக நேரம், மரமேறக் காலில் மாட்டும் தளைநாரை இழுத்துப் பார்ப்பதற்கு ஆகும். காலுக்குத் தளைநார், மற்றதுக்குக் கர்த்தர் என்பது அவருடைய பாகப்பிரிவினை.

பதனி புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டும். எத்தனை கலயம் இருந்தாலும் ஒன்றையும் விடமாட்டார். "கர்த்தர் பாத்துக்கிட மாட்டாரா தாத்தா?" என்று கேட்டேன்.

"பதனி குடுக்கது அவரு. சுண்ணாம்பு தடவுகது நம்ம சோலி. தடவலன்னா கள்ளாத்தாம்ல எறங்கும்."

எங்கள் ஊரில் இதைவிடச் சுருக்கமான பிரசங்கத்தை நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள்தான். ஆனால் பாளைக்கு அது தெரியாது. சீவாமல் விட்டால் காய்ந்துபோகும். ஆகவே இருட்டோடு ஏறி இறங்கி, குளித்து, வெள்ளை வேட்டியில் இரண்டாம் மணி அடிக்குமுன் வேதக்கோயிலில் இருப்பார். உபதேசியாருக்கு எல்லாம் தெரியும். அவர் வீட்டுக்கும் கருப்பட்டி வேண்டுமே, தெரியாததுபோல் இருந்துகொள்வார்.

விடிலியில் பதனி காய்ச்சுவது பாட்டியின் பாடு. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளிக் கோயிலுக்கென்று தனிப்பானையில் போடுவாள். மரமேறாத மழை மாதங்களில் உலை அரிசி குறைந்தது, பிடி குறையவில்லை. பக்கத்து வெள்ளாளன்விளைக்காரரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் மற்றவர்களும் 1903-இல், வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் பணம், நம் ஆட்கள் என்று திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வட்டாரத்துக்கு ஊழியர் போனார்கள். 1912-இல் அசரியாவே அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். தோர்ணக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று பாட்டிக்குத் தெரியாது. கோயிலுக்குப் போகிற அரிசி அதற்கும் சேர்த்துத்தான் என்று மட்டும் தெரியும்.

இப்போது நாங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டோம். நான் படுக்கையிலிருந்து எழுமுன்பே வாக்குத்தத்த வசனங்கள் பல குழுக்களிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்து நிற்கின்றன. படித்து முடிக்கிற சிரமம்கூட இல்லாமல் 'ஆமென்' தட்டிவிடலாம். காரின் பின்கண்ணாடியில் வசனம், டாஷ்போர்டுக்குள் முழு இன்சூரன்ஸ். தாத்தாவின் தளைநாரைப் போலத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் அதை நாள்தோறும் இழுத்துப் பார்த்தார். நான் பாலிசியைப் புதுப்பிப்பதோடு சரி.

பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு பிள்ளைகள் ஹால் டிக்கெட்டோடும் பேனாவோடும் பீடத்துக்கு முன் வரிசையில் நிற்கிறார்கள். ஐயர் எல்லாப் பேனாவுக்கும் சேர்த்து ஜெபிக்கிறார். பேனாவில் மை இருக்கிறது. புத்தகம் எப்போது திறக்கப்பட்டது என்பதை ஐயரும் கேட்பதில்லை. அடுத்த வரிசை விசாவுக்கு.

பிடி அரிசிப் பானை போய் க்யூஆர் கோடு வந்துவிட்டது. தசமபாகம் பிடித்தம் போகுமுன் உள்ள சம்பளத்திலா, கைக்கு வருகிற சம்பளத்திலா என்று நாங்கள் ஆண்கள் ஐக்கியத்தில் ஒரு மாலை முழுக்க ஆராய்ந்தோம். பாட்டி பிடி அள்ளியது அரிசி களைவதற்கு முன்பா பின்பா என்று யாரும் ஆராய்ந்ததில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை ஆயிரக்கணக்கில் எடுக்க ஆள் இருக்கிறது, தொகையை மைக்கில் பெயரோடு வாசித்தால்.

பழைய காலத்தைப் புகழ்ந்துகொண்டே போகலாம். தாத்தா இருந்தால் வாயை அடைத்திருப்பார். அவர் மார்பும் முழங்கையும் பனஞ்சிராய் அறுத்துக் காய்த்துப்போனவை. விழுந்தவர்களைத் தூக்கி வந்தவர் அவர். அந்த ஒரு நிமிஷ ஜெபத்தில் கடைசி விண்ணப்பம் எப்போதும் ஒன்றேதான்: என் பிள்ளைகள் இந்த மரத்தில் ஏறக்கூடாது. அதற்காகவே கருப்பட்டி விற்ற காசில் அப்பாவைப் படிக்க வைத்தார். கர்த்தர் அப்படியே கொடுத்தார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து நான் இதை எழுதுவதே அந்த விண்ணப்பத்துக்குக் கிடைத்த பதில்.

பிள்ளைகள் மரம் ஏறக்கூடாது என்றுதான் அவர் வேண்டிக்கொண்டார். எந்தச் சோலியும் பார்க்கக்கூடாது என்கிற மீதிப் பாதியை நாங்களாகச் சேர்த்துக்கொண்டோம்.