பூட்டிய கல்லூரியில் பொங்கிய சாதனைகள்

2020இல் கொரோனா கல்லூரிகளைப் பூட்டியது. பேராசிரியர்களின் சாதனைகளைப் பூட்ட முடியவில்லை. தடுக்கி விழுந்தால் ஒரு பன்னாட்டு இணையவழிக் கருத்தரங்கு. துபாயிலிருக்கும் பழைய மாணவர் ஒருவர் பேசினால் போதும், அது பன்னாடுதான். கேமராவை அணைத்து, மைக்கை மூடி, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே கலந்துகொள்ளலாம். கடைசியில் கூகுள் படிவத்தில் 'மிக நன்று' என்று தட்டினால், பெயரில் எழுத்துப்பிழையோடு மின்சான்றிதழ் வந்துவிடும்.

மாணவர்கள் மட்டும் சளைத்தவர்களா? ஆகஸ்டில், கட்டணம் கட்டியவர்களுக்கு அரியர் தேர்வே கிடையாது என்று தமிழக அரசு அறிவித்ததும் முதலமைச்சருக்கு நன்றி பேனர்கள் முளைத்தன. (கட்டணம் கட்டாமல் விட்டவன் வயிற்றெரிச்சலைக் கேட்காதீர்கள்.) அடுத்த ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், தேர்வு நடத்தாமல் தேர்ச்சி தருவதை ஏற்க முடியாது என்றுவிட்டது. பேனர் கட்டியவர்கள் புத்தகத்தைத் தேட வேண்டியதாயிற்று.