ரிக்கார்டுக்கு ஜலக்கிரீடை

வா மாப்ளே, உக்காரு. அல்ட்ராசோனிக் கிளீனர் தேடுறியாமே, எங்கக்கா சொல்லிச் சிரிச்சா. ஹிஞ்சவாடில சம்பாதிச்சு வாகட்ல இஎம்ஐ கட்டுற ஆளு, மிச்சத்தை இப்படித்தான் கரைக்கணும். புதனும் ஞாயிறும் ஜூனா பஜார்ல பேரம் பேசி வாங்குன ரிக்கார்டு. அதைக் குளிப்பாட்ட அம்பதாயிரமா? சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வாங்கு, நான் தடுக்கல.

40 கிலோஹெர்ட்ஸ் மிஷின்னா நகைக்கடைல மோதிரம் கழுவுற சாதிதான். எல்பிக்கு அதுவே போதும். 120ங்கிறவன் குமிழியப் பொடிசாக்குவான், பில்லைப் பெருசாக்குவான். எந்தக் குமிழியும் அழுக்கைத்தான் கிளப்பும், கீறலை ஆத்தாது.

வந்ததும் சப்பாத்தி சுத்துற அலுமினியத் தாள்ல ஒரு துண்டு கிழிச்சு, தொட்டித் தண்ணில ஒரு நிமிசம் தொங்கவிடு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு. ஊசி குத்துனாப்ல பொத்தலும் புள்ளியும் பரவலாத் தெரியணும். ஒரு ஓரத்துல மட்டும் தெரிஞ்சா மத்த இடத்துல மிஷின் தூங்குது, திருப்பி அனுப்பிடு.

ஹீட்டர் 80 டிகிரி போகும்னு கடைக்காரன் பெருமை பேசுவான். ரிக்கார்டு என்ன இட்லியா? 35ஐத் தாண்ட விடாதே, வினைல் நெளிஞ்சுரும். ஹீட்டர் போடாட்டியும் ஓட ஓடத் தண்ணி தானாச் சூடேறும், நடுநடுவுல நிறுத்து. தொட்டிக்கு மேல சுத்துற கம்பி நிறைய ரிக்கார்டு கோக்கவும் ஆசைப்படாதே. நெருக்கி வச்சா நடுவுல இருக்கிறதுக்கு அலை போய்ச் சேராது. மோட்டார் மெதுவாச் சுத்தணும், லேபிள் நனையக் கூடாது.

தண்ணிதான் பெரிய வில்லங்கம். கோடையில உங்க சொசைட்டிக்கு வர்ற டேங்கர் தண்ணி, குழாய் வாயில வெள்ளையா அப்பியிருக்கு பாரு. அதை ஊத்துனா அழுக்கு காலி பண்ண இடத்துல உப்பு குடியேறும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் கேனை வாங்கு. கழுவி முடிச்சதும் கேன்லேர்ந்து புதுசா ஊத்தி இன்னொரு தடவை அலசு.

ஸ்பிரிட் கலக்கச் சொல்றவனும் இருப்பான். தொட்டியில கூடாது, ஆவி பத்திக்கும். 78 ரிக்கார்டுக்கோ துளிகூட ஆகாது. அது அரக்கு, ஸ்பிரிட்ல கரையும். தச்சன் பாலிஷ் போடுறதே அப்படித்தான்.

அதனால உன் அலமாரில எங்கப்பாவோட 78, கிட்டப்பா பாட்டு ரிக்கார்டு ஒண்ணு இருக்குல்ல, அது இந்த வீட்ல இருக்கிறது ஆபத்து. வேட்டியில சுத்திக் குடு, ரயில்ல நானே பத்திரமாக் கொண்டுபோறேன். எங்கக்காட்ட சொல்லாதே.