மஞ்சள் படிவம்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் கல்லூரி மணப்பெண் குறித்த ஓர் அடுக்கியல் ஆய்வு

பெரம்பலூர், அரியலூர் மண்ணை ஆராய வந்த அறிஞர்கள் எல்லாரும் குனிந்த தலை நிமிராமலே ஆராய்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1862-இல் பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனக் கீழிருந்து மேலாக மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பின்னால் வந்தவர்கள் அம்மோனைட் என்ற தொல்லுயிரின் கூடுகளைச் சாக்கில் பொறுக்கினார்கள். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் கல்மரத்தைச் சுற்றி வேலி போட்டுப் பூங்கா ஆக்கினார்கள். அதே சாலையோரம் காலை எட்டரை மணிக்குக் கழுத்தில் புது மஞ்சள் கயிறும் கையில் ரெக்கார்டு நோட்டுமாக டவுன் பஸ்ஸுக்கு நிற்கும் ஓர் உயிரினத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு பக்கம் எழுதவில்லை. அம்மோனைட் போல அது அசையாமல் கிடக்காது, பஸ் வந்தால் ஏறிவிடும் என்பது காரணமாக இருக்கலாம். அக்குறையை இக்கட்டுரை களைய முனைகிறது.

முதலில் ஆய்வு எல்லை. இவ்வட்டாரத்தின் எல்லையைச் சொல்வது அத்தனை எளிதல்ல. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் தனிக்குடித்தனம் வந்தபோது அரியலூர் அதன் கூடவே வந்தது. 2001-இல் அரியலூர் தனியாகப் போனது, 2002-இல் திரும்பி வந்தது, 2007 நவம்பரில் மறுபடியும் தனியாகப் போனது. அந்தச் சில ஆண்டுகளில் பெண் கொடுத்தவர்கள், பெண்ணை வெளி மாவட்டத்தில் கொடுத்தோமா உள்ளூரில் கொடுத்தோமா என்று கெஜட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எனவே இரண்டையும் ஒரே களமாகக் கொள்கிறோம். ஆய்வுப் பொருள்: இளங்கலை முடியும் முன்பே கல்யாணம் முடிந்த மாணவி.

பிளான்ஃபோர்டின் முறையைப் பின்பற்றி இவரையும் மூன்று தொகுதிகளாகப் பிரிக்கலாம். அடித்தொகுதி அடர்மஞ்சள். கல்யாணம் முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் முதல் வாரத்துக்கு உரியது. மருதாணி நகக்கண்ணில் மட்டும் மீந்திருக்கும், மெட்டி ஆய்வகத் தரையில் ஓசைப்படும். சுடிதார் கழுத்தோரத்திலும், நோட்டை மார்போடு அணைத்துப் பிடிக்கும் பழக்கம் உள்ளவரானால் நோட்டு அட்டையிலும், மஞ்சள் படிந்திருக்கும். வேதியியல் துறை மாணவியானால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு தெறித்த கையால் துப்பட்டாவைச் சரிசெய்தவர், தன் கல்யாணமே ஒரு காட்டி என்பதைப் புரிந்துகொள்வார்.

நடுத்தொகுதி வெளிர்மஞ்சள். மேல்தொகுதி பொன். தாலி பிரித்துக் கோர்த்து, கயிறு போய்ச் சங்கிலி வந்தபின் உருவாவது. இவற்றின் எல்லைக்கோட்டை நிறத்தை மட்டும் வைத்துக் கணிக்கக் கூடாது. நிலவியலில் குறியீட்டுப் படிவம் என ஒன்று உண்டு. அது கிடைத்தால் பாறையின் வயதைச் சொல்லிவிடலாம். இங்கே அந்தப் பதவிக்கு உரியது ஊக்கு. மஞ்சள் கயிறு புதிதாக இருக்கும்வரை அதில் ஊக்கு மாட்டப் பெண்ணுக்கு மனம் வராது. வெளிர்மஞ்சளில் ஒன்று ஏறும். பொன் தொகுதியில் ஐந்தாறு தொங்கும். துப்பட்டா கிழிந்தவர், செருப்பு வார் அறுந்தவர், விடைத்தாள் கோர்க்க நூல் கிடைக்காதவர் எல்லாரும் அவரிடம் வந்து நிற்பார்கள். வகுப்பு அவரை மணமானவராக ஏற்றுக்கொண்ட நாள் எது என்று கேட்டால், முதல் ஊக்கைக் கடன் கேட்ட நாள் என்றே இவ்வாய்வாளர் சொல்வார்.

அடுத்து பட்டம். இவ்விரு மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகளும் 1982-இல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருபவை; பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கே உண்டு என்று சட்டம் நினைத்துக்கொண்டிருக்கிறது. கள உண்மை வேறு. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் பல்கலைக்கழகத்தை எப்போதும் முந்திவிடுகிறது. நான்காம் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்திருக்கும் பெண்ணின் பெயருக்குப் பின்னால் ‘பி.எஸ்சி.’ என்று தங்க மையில் இறங்கிவிடும். ‘இறுதியாண்டு’ என்ற சொல்லைச் சேர்க்கலாமே என்றால், இடமில்லை என்பார்கள்; கீழே தாய்மாமன்கள் வரிசை நீளம். ஃபிளெக்ஸ் பேனரில் இன்னும் தாராளம். ஆக, விழா நடத்தாமல், கவுன் போர்த்தாமல், வருகைப் பதிவு கேட்காமல் பட்டம் வழங்கும் ஒரே நிறுவனம் அச்சகம்.

பல்கலைக்கழகம் வருகைப் பதிவு கேட்கும். 75 விழுக்காடு வேண்டும். பற்றாக்குறை கொஞ்சமானால் கட்டணம் கட்டி மன்னிப்புப் பெறலாம். அதிகமானால் தேர்வு எழுத முடியாது. கல்யாணத் தேதியைக் குறிப்பவரோ பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார், பல்கலைக்கழக நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. தையும் மாசியும் செமஸ்டரின் நட்டநடுவில் விழுகின்றன. விடுப்புக் கடிதத்திலும் சங்கடம் உண்டு. ‘அக்காவின் திருமணம்’ என்று எழுதினால் துறைத்தலைவர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார். அந்தக் காரணத்தால் ஒரே அக்காவுக்கு மூன்று முறை கல்யாணம் செய்துவைத்தவர்கள் உண்டு. ‘எனது திருமணம்’ என்று எழுதினால்தான் பத்திரிகையை இணைக்கச் சொல்வார்.

இந்த வருகைப் பதிவு இழப்பை ஈடுகட்டுவது ஆடி. பழைய வழக்கத்தின் அறிவைக் கண்டு இவ்வாய்வாளர் வியந்த இடம் இது ஒன்றுதான். ஆடி பிறந்ததும் சீர் கொண்டுவந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய்விடுகிறார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை என்பது ஒற்றைப்படை செமஸ்டரின் நெஞ்சுப்பகுதி. சோறு தட்டில் வரும், துணி தானாக மடிந்திருக்கும், கல்லூரிக்கு ஒருநாள்கூட விடுப்பு இல்லை. ஆடியில் கூடினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். சித்திரையில்தான் ஏப்ரல், மே செமஸ்டர் தேர்வும் வருகிறது. வெயிலைவிட இது வலுவான காரணம். பெரியவர்கள் இதை மறைத்துவிட்டார்கள் என்றே கருத வேண்டியிருக்கிறது. பேறுகாலம் வந்தாலும் மாணவியர்க்கு விடுப்பும் வருகைப் பதிவில் சலுகையும் தர விதிகள் வகுக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2021 டிசம்பரில்தான் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. ஆடி அதற்கு ரொம்பவும் முந்தியது.

மற்ற பதினொரு மாதமும் மாமியார் வீட்டுக் காலைப்பொழுதுக்கு உரியவை. இங்கே உள்ளூர்ப் பயிரியலைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஆய்வு பிழைபட்டுப் போகும். தமிழகத்தில் சின்ன வெங்காயம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூரும் ஒன்று. செட்டிகுளம் பக்கம் வயலோரப் பட்டறைகளில் அதைச் சேமித்துவைப்பார்கள். வெங்காயத்துக்குப் பஞ்சமில்லாத வீட்டில் சாம்பாரில் வெங்காயம் குறைந்தால் அது குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு. பெரிய வெங்காயம் என்றால் நாலு வெட்டில் வேலை முடியும். சின்ன வெங்காயத்தை ஒவ்வொன்றாகத்தான் உரிக்க வேண்டும், அதுவும் எட்டரை பஸ்ஸுக்கு முன்னால்.

இக்களத்தில் மாமியார்கள் யாரும் படிப்புக்கு எதிரிகள் அல்லர். அவர்கள் சொல்லும் வாசகத்தை அப்படியே பதிவு செய்கிறோம்: “பாப்பா, பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுல்ல, நீ கெளம்பு சாமி. இந்த வெங்காயத்த மட்டும் உரிச்சு வச்சிட்டுப் போயிரு.” இவ்வாக்கியத்தின் இரண்டு பாதிகளும் முழு அன்போடு சொல்லப்படுபவை. “சரிங்கத்தை” என்று சொல்வதைத் தவிர இதற்கு மறுமொழி தமிழில் இன்னும் உருவாகவில்லை. கணவர் அப்போது அடுத்த அறையில் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருப்பார். அது ஒற்றைக் கையால் செய்யக்கூடிய வேலை. ஆனாலும் இரண்டு கையும் தேவைப்படுவது போன்ற முகபாவம்.

கல்யாணத்தையும் கல்லூரியையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தது வீடுகள் மட்டுமல்ல, அரசும்தான். 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண நிதியுதவித் திட்டத்தில் 2011 முதல் பத்தாம் வகுப்பு படித்த பெண்ணுக்கு ரூ. 25,000, பட்டம் அல்லது பட்டயம் பெற்றவருக்கு ரூ. 50,000, கூடவே தாலிக்கு 4 கிராம் தங்கம். 2016-இல் தங்கம் 8 கிராம் ஆயிற்று. பட்டம் வாங்கிய பிறகு கட்டு என்று தாலிக்கே மறைமுகமாகச் சொன்ன திட்டம் அது. 2022-இல் அதே அம்மையார் பெயரில் தங்கம் போய்ப் ‘புதுமைப் பெண்’ வந்தது: அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்வி படிப்பவருக்கு மாதம் ரூ. 1,000.

எஞ்சியிருப்பது ஆண் மாதிரி. மணமான மாணவர் என ஓர் இனம் இருந்தாக வேண்டுமே என்று தேடியதில், மிகப் பழைய அடுக்கில் ஒன்று அகப்பட்டது. அரியலூரில் சடகோப ஐயங்காரிடமும் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும் பாடம் கேட்ட சிறுவன் ஒருவனுக்கு 1868 ஜூனில், பதின்மூன்று வயதில், கல்யாணம் நடந்தது. மணமகள் மதுராம்பாள். கல்யாணம் முடிந்தபின் மாப்பிள்ளை செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை படித்தார். 1871-இல் மாயூரம் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரானார். பின்னாளில் உ.வே.சாமிநாதையர். கல்யாணம் அவர் காரிகையில் ஓர் அசையைக்கூட நகர்த்தவில்லை. செங்கணத்தில் யாரும் அவரிடம் வெங்காயத்தை நீட்டியிருக்க முடியாது.

அதற்கு மேலுள்ள அடுக்குகளில் இளங்கலை வகுப்புகளில் ஆண் மாதிரி அரிதாகிவிடுகிறது. காரணம் சட்டம். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. இடைவெளி மூன்றாண்டு. இளங்கலைப் படிப்பும் மூன்றாண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் பட்டம் வாங்கி முடிக்கும்வரை எந்தத் தாய்மாமனும் அவனை மணவறைக்கு இழுக்க முடியாதபடி சட்டம் காவல் நிற்கிறது. அவனோடு ஒரே பெஞ்சு வரிசையில் இருக்கும் பெண்ணுக்கு முதலாண்டிலேயே காவல் முடிந்துவிடுகிறது. பெண்ணின் வயதையும் 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்குப் போய், 2024-இல் அவை கலைந்தபோது காலாவதியானது. கல்லூரியாக இருந்தால் கட்டணம் கட்டி அடுத்த முறை எழுதியிருக்கலாம்.

ஆகவே ஆண் மாதிரியை முதுகலையில்தான் பிடிக்க முடிந்தது. எம்.காம். இரண்டாமாண்டு, மாசியில் கல்யாணம். கழுத்தில் மஞ்சள் இல்லை, ஊக்கு இல்லை, விரலில் வெங்காய வாசனை இல்லை. மோதிரம் இருந்தது, கிரிக்கெட் ஆடும்போது கழன்றுவிடுகிறது என்று வீட்டில் வைத்துவிட்டார். படிப்பைத் தொடர்வீர்களா என்று அவரிடம் இதுவரை யாராவது கேட்டதுண்டா என வினவினோம். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. வகுப்பில் எல்லாரும் கேட்டது பிரியாணி எப்போது என்று மட்டும்தானாம்.