நித்திய கிருகப்பிரவேசம்

புது வீட்டில் குடிபுகுவது ஒரு சந்தோஷம். புகுந்த பின் அந்த வீட்டில் நிம்மதியாக வாழ்வது வேறொரு சந்தோஷம். முதலாவதை மாதம் ஒரு முறை தவறாமல் அனுபவித்துக்கொண்டு, இரண்டாவதை இந்த ஜன்மத்தில் தீண்டுவதில்லை என்று விரதம் பூண்டவர்போல் நடந்துகொள்பவர் எங்கள் எதிர்வீட்டு நண்பர். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த வீட்டை நான் சொல்லவில்லை. அதில் அவர் முப்பது வருஷமாகச் சுவரில் ஓர் ஆணிகூடப் புதிதாக அடிக்காமல் சுகமாகக் குடியிருக்கிறார். அவர் ஓயாமல் குடிமாறுவதெல்லாம் தம்முடைய கம்ப்யூட்டருக்குள்ளேதான்.

1991-ஆம் வருஷம், ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற இளைஞர், பொழுதுபோக்காக ஆரம்பித்த லினக்ஸ் கெர்னலை உலகத்தின் முன் வைத்தாலும் வைத்தார், அந்த அஸ்திவாரத்தின்மேல் டெபியன், உபுண்டு, ஃபெடோரா, மின்ட், ஆர்ச் என்று ஆளுக்கோர் ஆபரேட்டிங் சிஸ்டமாக மாளிகை எழுப்பி, வாடகைகூடக் கேட்காமல் வாசலைத் திறந்து வைத்துவிட்டார்கள். இத்தனை சத்திரங்கள் திறந்து கிடக்க, ஒரே திண்ணையில் படுத்திருப்பது மகாபாபம் என்பது நண்பரின் சித்தாந்தம்.

வைபவம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும். இரவெல்லாம் இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைல் பழுதின்றி வந்திருக்கிறதா என்பதை ஒரே கட்டளையில் கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்றாலும், அதன் வாக்கை நம்பாமல், செக்ஸம் என்கிற அந்த 64 எழுத்துக்களையும் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் ஜோசியரைப்போல் ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டுத் திருப்தியடைந்த பிறகே பென்டிரைவில் ஏற்றுவார். குடிபுகுந்த அரை மணியில் மராமத்து தொடங்கிவிடும். கீழே இருக்கும் பட்டை மேலே போகும். மேலே போனது இடப்பக்கம் சாயும். வட்ட ஐகான்கள் சதுரமாகும். மூலையிலுள்ள கடிகாரம் விநாடியையும் காட்டியாக வேண்டும். தமிழ் எழுத்துருவை லோகித்திலிருந்து நோட்டோவுக்கு மாற்றி, 'ஸ்ரீ' என்று ஒரே ஓர் எழுத்தைத் தட்டி, அதன் சுழி சரியாகக் கூடுகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். கூடாவிட்டால் மறுபடி பழைய எழுத்துரு; கூடினால் அதைவிட நன்றாகக் கூடும் வேறொன்று. இத்தனை வருஷத்தில் அவர் அந்த யந்திரத்தில் 'ஸ்ரீ'க்கு அடுத்த எழுத்தைத் தட்டி நான் பார்த்ததில்லை.

அவருடைய காலக்கணக்கும் தனி. ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளிவரும் உபுண்டுவுக்கு வருஷமும் மாதமுமே எண்ணாக அமைவதால், மூத்த பெண்ணின் கலியாணம் எப்போது நடந்தது என்று கேட்டால், "10.04 வந்த சமயம்" என்பார். சாளரத்தை மூடும் பொத்தான்களை அந்தப் பதிப்பில்தான் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினார்கள், 17.10-இல் மீண்டும் வலப்பக்கத்துக்கே கொண்டுவந்தார்கள். கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று வழக்காடிய பரம்பரையினர்கூட, இந்த இடவல விவகாரத்தில் அவர் காட்டும் ஆவேசத்தைக் கண்டால் சமாதானமாகப் போய்விடுவார்கள்.

"ஏங்க, கரண்ட் பில்லுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "பார்ட்டிஷன் பண்ணிட்டிருக்கேன், கொஞ்சம் பொறு" என்று இவர் பதில் சொல்லி முடிப்பதற்குள், அந்த அம்மாள் தம் ஆண்ட்ராய்டு போனில் பணத்தைக் கட்டிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விடுவார். அந்த போனுக்கு அடியிலே ஓடுவதும் அதே லினக்ஸ் கெர்னல்தான். வந்த நாளிலிருந்து அதில் ஒன்றையும் திருத்தாமல், அதன் பெயரையும் அறியாமல், அந்த வீட்டில் லினக்ஸை உண்மையாகவே உபயோகிப்பவர் அவர் ஒருவரே என்ற ரகசியத்தை நண்பரிடம் வெளியிட எனக்குத் தைரியமில்லை.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம் முகம் வாடி என் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். உடம்புக்கு என்ன என்று விசாரித்தேன்.

"எல்லாம் வேலை செய்யுது சார்" என்றார், கடைசிப் பெண்ணையும் புக்ககத்துக்கு அனுப்பிவிட்டு வெறும் பந்தலைப் பார்த்து நிற்கும் தகப்பனாரின் குரலில். "வைஃபை வருது, பிரிண்டர் அடிக்குது, மூடித் திறந்தா உடனே முழிச்சுக்குது. மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்லை."

என்ன ஆறுதல் சொல்வதென்று எனக்கு விளங்கவில்லை. நாலு நாள் அவரைத் தெருவில் காணோம். ஐந்தாம் நாள், நான் காப்பி குடிப்பதற்குமுன்பே கேட் கதவு தடதடவென்று ஆடிற்று. ராத்திரி போட்ட அப்டேட்டின் கைங்கரியத்தால் பத்து வயது குறைந்தவராக நின்றிருந்த நண்பர், தெருவெல்லாம் எழுந்துகொள்ளும்படி கூவினார்:

"சார், ஸ்பீக்கர்ல சத்தமே வரலை!"